ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: மதர்போர்டு போய்விட்டது என்று எப்போது நம்பலாம்?

ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய டெஸ்க்டாப். காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அதை நம்பலாமா, மாற்றுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க ஏதாவது வழி உண்டா, உள்ளே இருக்கும் ஃபைல்கள் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது பழுது பார்ப்பது எப்படி என்பதைவிட, அவர் சொன்ன முடிவுக்கு வர என்னென்ன சோதித்திருக்க வேண்டும் என்பதுதான். பல வருஷமாக இந்த மாதிரி மெஷின்களைத் திறந்து பார்க்கிறவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு பழுது என்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய பதில். மற்ற எல்லா பாகத்தையும் வேறொன்றை மாற்றிப் போட்டு சோதிக்கலாம், போர்டை மட்டும் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் குற்றம் சொல்ல முடியும். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை, அதனால் போர்டு என்று ஒரே தாவலில் அவர் போயிருந்தால் அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை. அதற்காக அவர் சொன்னது தப்பு என்றும் ஆகிவிடாது.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும். பிளக் சொருகி ஸ்விட்ச் போட்ட உடனேயே எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) ஒரு 5 வோல்ட்டை மட்டும் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், மெஷின் அணைந்திருக்கும்போதும். பட்டனை அழுத்தினால் போர்டு, 24 பின் கனெக்டரில் உள்ள பச்சை ஒயரைத் தரைக்கு இழுத்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. உடனே 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் வருகின்றன, ஃபேன் சுற்றத் தொடங்குகிறது. மின்சாரம் நிலையாக வருகிறது என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்கே திருப்தியான பிறகு, அதாவது 100 முதல் 500 மில்லி செகண்ட் கழித்து, சாம்பல் நிற ஒயரில் ஒரு சைகை அனுப்பும். அதற்குப் பிறகுதான் பிராசசர் வேலையை ஆரம்பித்து பயாஸை (போர்டிலேயே எழுதி வைத்திருக்கும் தொடக்க நிரல்) படிக்கிறது, ராமை (தற்காலிக நினைவகம்) சரிபார்க்கிறது, கிராபிக்ஸை எழுப்புகிறது, திரையில் முதல் எழுத்து தெரிகிறது, கடைசியாக டிஸ்க்கைத் தேடி விண்டோஸுக்குப் போகிறது. ஃபேன் சுற்றுகிறது என்றால் இந்தத் தொடரில் 12 வோல்ட் வருகிறது என்பது மட்டும்தான் நிச்சயம். பிராசசர் வேலை செய்கிறதா, ராம் கிடைத்ததா என்பதற்கெல்லாம் ஃபேன் சாட்சி இல்லை. அதே சமயம், முதல் எழுத்தே வரவில்லை என்பதால் விண்டோஸ் கெட்டுப்போனது, வைரஸ் வந்துவிட்டது என்ற சந்தேகங்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம், தொடர் அவ்வளவு தூரம் போகவே இல்லை.

திறப்பதற்கு முன்னால் வெளியே பார்க்க வேண்டியவை சில. மானிட்டரை கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிட்டு ஆன் செய்தால் சிக்னல் இல்லை என்று ஏதாவது எழுத்து வர வேண்டும், அல்லது மானிட்டரின் சொந்த மெனுவாவது வர வேண்டும். அதுவும் வராவிட்டால் கோளாறு மானிட்டரில். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டின் போர்ட்டில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டின் போர்ட்டில் அல்ல. யாராவது பின்பக்கம் துடைத்துவிட்டு மாற்றிச் சொருகியிருப்பார்கள், இது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். வேறு கேபிள், வேறு போர்ட் இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்புறம் கீபோர்டையும் மானிட்டரையும் தவிர யுஎஸ்பியில் இருக்கும் பிரிண்டர், பென்டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். ஷார்ட் ஆன ஒரு யுஎஸ்பி சாதனம், அல்லது பின் வளைந்துபோன ஒரு யுஎஸ்பி போர்ட், மொத்த மெஷினையும் நிறுத்திவைக்கும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சோதனை உண்டு, செலவே இல்லாதது. மெஷினை ஆன் செய்து ஒரு நிமிஷம் விட்டுவிட்டு கீபோர்டில் நம்லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு அணைந்து எரிகிறது என்றால் பிராசசரும் ராமும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, கோளாறு படம் வரும் பாதையில்தான், அதாவது கிராபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர். விளக்கு மாறினால் இது உறுதியான சான்று. மாறாவிட்டால் அதிலிருந்து பெரிதாக எதுவும் முடிவு செய்யாதீர்கள், சில போர்டுகளில் யுஎஸ்பி கீபோர்டு எழுவதற்கே நேரமாகும்.

சரி, திறக்கலாம். பிளக்கையே உருவிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் போதாது. உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள், உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் ராமைக் கெடுக்காமல் இருக்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், உயிரை எடுக்கக்கூடியது.

நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு நான் முதலில் கை வைப்பது ராமில்தான். மெஷின் தினமும் சூடாகி ஆறுகிறது, அதில் ராமின் காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், படலம் படியும், தூசி சேரும். நேற்று வேலை செய்தது இன்று செய்யாமல் போக இதுவே போதும். எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் ஒற்றை ராமுக்கானது, போர்டின் கையேட்டில் சரியாகப் போட்டிருப்பார்கள். அழுத்தும்போது இரண்டு முனையும் முழுதாக இறங்க வேண்டும், பூட்டு 'டக்' என்று விழ வேண்டும். பாதி இறங்கிய ராம் பார்வைக்கு சரியாக உட்கார்ந்தது போலவே இருக்கும். ஒன்றில் வராவிட்டால் அடுத்த ராம், அப்புறம் வேறு ஸ்லாட், இப்படி ஒவ்வொன்றாக. தங்க நிறக் காண்டாக்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைப்பது நல்லது. ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, மென்மையாகச் செய்தால் தப்பில்லை, ஆனால் ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது. ஸ்லாட்டில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ராம் விஷயத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போட்ட மெஷின் என்றால், ராமை மாற்றிய பிறகோ பயாஸை ரீசெட் செய்த பிறகோ முதல் தடவை ஆன் ஆகும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ள பல நிமிஷம் எடுக்கும். அந்த நேரம் முழுக்க ஃபேன் சுற்றும், திரை கருப்பாக இருக்கும், ஒரு சலனமும் இருக்காது. அரை நிமிஷம் பார்த்துவிட்டு வரவில்லை என்று அணைத்து, திரும்ப ஆன் செய்து, திரும்ப அணைத்தால் ஒவ்வொரு தடவையும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். நல்ல போர்டுகூட செத்த போர்டு மாதிரி தெரிவது இப்படித்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

ராமுக்கு அடுத்து, பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர். 24 பின் கனெக்டர் போர்டுக்கு, இது பிராசசருக்கென்று தனியாக வருகிற 12 வோல்ட். இது தளர்ந்தாலும் ஃபேன் எல்லாம் சுற்றும், பிராசசர் மட்டும் எழாது. கழற்றி மறுபடி சொருகுங்கள், பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு வருகிற பவர் கனெக்டரையும் இதே மாதிரி பாருங்கள். உங்கள் பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரைப் போர்டில் சொருகிப் பார்க்கலாம். இன்டெல்லில் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிகிற டெஸ்க்டாப் பிராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 7000 வரிசைக்கு முந்தையது என்றால் ஜி எழுத்து உள்ளவற்றில் மட்டும் உண்டு, 7000 வரிசையிலிருந்து எஃப் இல்லாத பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று உண்டு. இது தெரியாமல் கார்டைக் கழற்றினால் திரை கருப்பாகவே இருக்கும், அதை வைத்துப் போர்டின் மேல் பழி போடுவார்கள்.

அடுத்தது பயாஸ் ரீசெட். போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட். அது தீர்ந்தால் வழக்கமாக நேரமும் செட்டிங்கும் மட்டும்தான் மறக்கும், ஆனால் சில போர்டுகள் பேட்டரி தீர்ந்ததும் கிளம்பவே மறுக்கும். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிளக்கை உருவி, பேட்டரியைக் கழற்றி ஐந்து பத்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் ரீசெட் ஆகிவிடும். கையேட்டில் சொன்ன ஜம்பரை, அதாவது ரீசெட்டுக்கென்று போர்டில் இருக்கும் பின்களை, ஷார்ட் செய்வது இன்னும் உறுதியான வழி. ஆனால் இதைச் செய்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். உங்கள் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸ் செட்டிங் மாறியதைக் கவனித்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியில் உள்ளே போய் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு டிஸ்ப்ளே வந்து விண்டோஸ் மட்டும் வராவிட்டால் உடனே டிஸ்க் போச்சு என்று பயப்பட வேண்டாம், பழைய மெஷின்களில் பயாஸில் உள்ள பூட் முறையும் (விண்டோஸைத் தொடங்கும் விதம்) சாட்டா முறையும் (டிஸ்க்கோடு பேசும் விதம்) ஆரம்ப நிலைக்கு மாறியிருக்கலாம், அதைத் திருத்தினால் வந்துவிடும்.

இனி போர்டையே பேச வைப்பது. கொஞ்சம் புதிய போர்டுகளில் சின்னதாக நான்கு விளக்குகள் இருக்கும், சிபியூ (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கைத் தேடும் கட்டம்) என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். எதில் வந்து நின்றுவிடுகிறதோ அந்த இடத்தில் தொடர் அறுந்திருக்கிறது. அது அறுந்த இடத்தைத்தான் சொல்கிறது, குற்றவாளியை அல்ல. டிராம் விளக்கு எரிந்தால் ராமாக இருக்கலாம், ஸ்லாட்டாக இருக்கலாம், ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி இருக்கிற பிராசசராக இருக்கலாம், சாக்கெட்டில் வளைந்த ஒரே ஒரு பின்னாகவும் இருக்கலாம். விளக்கு இல்லாத போர்டில் பீப் சத்தம். எத்தனை பீப் என்றால் என்ன அர்த்தம் என்பது பயாஸுக்கு பயாஸ் மாறும், அதனால் இணையத்தில் கிடைக்கிற பொதுப் பட்டியலை விட்டுவிட்டு உங்கள் போர்டின் கையேட்டையே பாருங்கள். இதில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஒரு சோதனை இருக்கிறது. ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டு பீப் அடித்துக் கத்தினால், ராம் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும் அளவுக்குப் பிராசசரும் பயாஸும் ஓடுகின்றன என்று அர்த்தம். அப்படிக் கத்துகிற போர்டை முழுதாகச் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சத்தம் வராவிட்டால் மறுபடியும் எதுவும் நிச்சயமில்லை, முக்கால்வாசி கேபினெட்களில் இப்போது அந்தச் சின்ன ஸ்பீக்கரே வைப்பதில்லை. ஸ்பீக்கர் மாட்டி, பிராசசர் பவரும் சரியாக இருந்து, ராம் இல்லாமலும் மௌனம் என்றால் சந்தேகம் போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றுக்கும் சுருங்குகிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிப் பலரும் சொல்வது, 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும் என்பது. எல்லா ஒயரும் கருப்பாக இருக்கிற கேபிளில் 16ஆம் பின்தான் அந்தப் பச்சை. இந்தச் சோதனையில் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் எழுகிறது என்று மட்டும் தெரியும், அது உங்கள் மெஷினில் ஏற்கனவே தெரிந்ததுதான். சுமை ஏறும்போது தாங்குகிறதா என்று தெரியாது. மெஷினோடு இணைத்து ஓடும்போதே மல்டிமீட்டரால் கனெக்டரின் பின்பக்கத்தில் அளந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும்: மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் சுமார் 3.14 முதல் 3.47 வோல்ட், சாம்பலில் ஏறத்தாழ 5. இந்த எல்லைக்கு வெளியே இருந்தால், அல்லது சாம்பலில் வோல்ட்டே வராவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் சந்தேகம் வலுக்கிறது. எல்லாம் சரியாகக் காட்டினாலும் முழு நற்சான்று கிடையாது, வேகமான ஏற்ற இறக்கத்தை மல்டிமீட்டர் காட்டாது. நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அப்போது கேபிளையும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததையே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டும் வகை கேபிள்கள் பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, மாற்றி மாட்டினால் டிஸ்க் உட்பட எல்லாம் ஒரே நொடியில் எரிந்துபோகலாம்.

உங்களுடையதிலிருந்து வேறான அறிகுறி உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இரண்டு வரி. பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்காவிட்டால் முதலில் சுவர் பிளக், எஸ்எம்பிஎஸ்ஸின் பின் ஸ்விட்ச், அப்புறம் கேபினெட்டின் பவர் பட்டன். பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு பின் ஒயரை உருவிவிட்டு அந்த இரண்டு பின்னையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டால் மெஷின் எழுந்துவிடும், கோளாறு பட்டனில் இருந்தால். எழுந்து ஒரு நொடியில் அணைந்து திரும்ப எழுந்தால் எங்கோ ஷார்ட், அல்லது ராம், அல்லது பிராசசர் பவர்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஆன் செய்து பார்ப்பார்கள். கேபினெட்டில் கழன்று விழுந்த ஸ்க்ரூ ஒன்று போர்டின் அடியில் மாட்டி ஷார்ட் ஆகியிருந்தால் இங்கே உயிர் வந்துவிடும். கையோடு போர்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உச்சி உப்பிய கெபாசிட்டர், கருகிய புள்ளி, தண்ணீரோ காபியோ பட்டுப் பச்சை பூத்த இடம் ஏதாவது தெரிந்தால் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரி. எதுவும் தெரியாவிட்டால் போர்டா பிராசசரா என்பதை வீட்டில் வைத்துப் பிரிக்க முடியாது, நானும் என் மேஜையில் இரண்டில் ஒன்றை வேறு மெஷினில் போட்டுத்தான் சொல்வேன். பொதுவாகப் பிராசசரைவிடப் போர்டுதான் அதிகம் பழுதாகும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டாப் பிராசசர்கள் இதற்கு விதிவிலக்கு, அதிக வோல்டேஜால் அவை நாளடைவில் நிலைகுலைவதை இன்டெல்லே 2024இல் ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது. உங்களுடையது அந்த வகை என்றால் போர்டு வாங்குவதற்கு முன் பிராசசர் உத்தரவாதத்தைப் பாருங்கள்.

ஆக, மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுப் பார்த்தீர்களா, வேறு ராம் போட்டுப் பார்த்தீர்களா, என் பிராசசரையும் ராமையும் வேறு போர்டில் போட்டபோது ஓடியதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் அவரை நம்பி மாற்றலாம். மூன்றாவதைச் செய்யவில்லை என்றால் இன்னும் பாதி வேலை பாக்கி. முந்தைய இரவு அணைக்கும்போது பயாஸ் அப்டேட் ஏதாவது ஓடியதா, நடுவில் மின்சாரம் போனதா என்பதையும் நினைத்துப் பார்த்து அவரிடம் சொல்லுங்கள். அப்படியென்றால் போர்டு நன்றாகவே இருந்து பயாஸ் மட்டும் சிதைந்திருக்கலாம். சில போர்டுகளில் பென்டிரைவிலிருந்து பயாஸைத் திரும்ப எழுத பின்பக்கம் தனிப் பட்டன் உண்டு, மற்றவற்றில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டின் சிப்களையே பழுது பார்க்கும் வேலை, செய்கிறவர்கள் பயாஸ் சிப்பை புரோகிராமர் என்ற கருவியில் வைத்து எழுதித் தருவார்கள். போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் உங்கள் பிராசசரின் சாக்கெட்டுக்கும் ராமின் வகைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், டிடிஆர்4 ராம் டிடிஆர்5 ஸ்லாட்டில் உட்காராது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் போர்டோடு கட்டப்பட்டது, மாற்றிய பிறகு மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும்.

ஃபைல்களைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ் எது போனாலும் டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும், டிஸ்ப்ளே வராததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெஷினைப் பழுதுக்குக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், போர்டைச் சோதிக்க டிஸ்க் தேவையே இல்லை. சாட்டா டிஸ்க் என்றாலும் எம்.2 எஸ்எஸ்டி என்றாலும் அதற்கான யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் ஃபைல்கள் தெரியும், முதல் வேலையாக வேறு இடத்துக்கு நகலெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் உடனே உருவிவிட்டுத் தரவு மீட்பு செய்கிறவர்களிடம் போங்கள், ஓட ஓட நிலைமை மோசமாகும். குறியாக்கம் செய்த டிஸ்க் என்றால் நான் மேலே சொன்ன 48 இலக்கச் சாவியை அந்தக் கம்ப்யூட்டரும் கேட்கும். சாவி எதுவும் கேட்காமல் இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி மூடிவிட்டு, டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள்.